கஞ்சி ஊத்துன வீடு

ஹெட்போனை மாட்டியதும் பெரியம்மா காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள். எச்சில் விழுங்குவது, மூச்சு மூக்கில் ஏறி இறங்குவது, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகும்போது கிளம்பும் சரசரப்பு, எல்லாமே மிக அருகில், ஒரே தலையணையில் படுத்திருப்பதுபோல. சாருமதி பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டாள். சத்தம் பிடிக்கிறவளுக்குக் கண் எதற்கு. கம்பின் நுனியில் தொங்கும் மைக் படத்துக்குள் வந்துவிடாமல் இருந்தால் போதும், அதை ஜெரோம் பார்த்துக்கொள்வார், காமிராவுக்குப் பின்னாலிருந்து விரலை ஆட்டுவார், மேலே, இன்னும் மேலே. வழக்கமாக இந்த வேலையைச் செய்கிறவர் பரோட்டா ஒத்துக்கொள்ளாமல் தென்காசி லாட்ஜிலேயே படுத்துவிட்டார். 'இன்டர்ன்ஷிப்னா எல்லாத்தையும் தொட்டுப் பாக்கணும் சாரு' என்று கம்பை அவள் கையில் கொடுத்துவிட்டார் அறவாழி சார். டைரக்டர். எம்.ஏ. வரலாறு படிக்கிற ஒரு பெண்ணை நம்பி ஆராய்ச்சி வேலையைத் தந்தவர், படத்தின் முடிவில் உன் பேர் வரும் என்று சொன்னவர். அறையில் இப்போது அறவாழி சார், ஜெரோம், அவள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் முப்பிடாதியம்மாள். முப்பிடாதியம்மாள் அவளுடைய அப்பாவின் அண்ணன் மனைவி என்பது இந்த நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் காலையிலிருந்து ஒருவரையொருவர் 'நீங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கதவைத் திறந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. திறந்தவுடன் பெரியம்மாவின் கண் நேரே அவளிடம்தான் வந்தது, டைரக்டரைத் தாண்டி, காமிராப் பெட்டியைத் தாண்டி. முகம் மலர்ந்தது. மலர்ந்தது என்பதை யோசிக்காமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும். கன்னம் இரண்டும் மேலே ஏறி, வாய் திறந்து, 'சா' என்று ஆரம்பித்தேவிட்டது. அப்போதுதான் அவள் கையைக் கூப்பினாள். 'வணக்கம்மா, நாங்க மெட்ராஸ்லேர்ந்து வர்றோம், கொம்பையா பத்தி ஒரு டாக்குமெண்டரி எடுக்கிறோம்.' தன் குரலா அது. கால்சென்டரிலிருந்து பேசுகிற மாதிரி, கழுவித் துடைத்த குரல். பெரியம்மாவின் வாய் அந்த 'சா'வில் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது. ஒரு மூச்சு இருக்குமா. பிறகு அந்த எழுத்தைக் கீழே விடாமல், 'சா... சாயா குடிக்கியளா எல்லாரும்?' என்று கேட்டாள். அறவாழி சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாத்தியா, யாரு என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடியே சாயா குடிக்கியளான்னு கேக்கறாங்க, இதுதான்யா இந்த மண்ணு என்றார். ஆமா சார் என்றாள் அவள். ஆமா சார். எத்தனை சுலபமாக வருகிறது. சாயாவும் வந்தது, அவளுக்கு மட்டும் சர்க்கரை குறைவாக, ஆறு வயதிலிருந்து அவள் குடிக்கிற மாதிரி. 'மேடத்துக்கு இனிப்பு போதுமா?' என்று வேறு கேட்டாள். மேடம்.

'சொல்லுங்கம்மா, நீங்க இந்த வீட்டுக்குக் கல்யாணம் ஆகி வந்தப்ப உங்களுக்குத் தெரியுமா, இது அய்யாக்குட்டி வீடுன்னு?' அறவாழி சார் நல்ல மனிதர். கேள்வியைக் கூட மெத்தென்று கேட்பார். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. 'எங்க தெரியும்' என்றாள் பெரியம்மா, காதுக்குள். 'நான் புளியரப் பக்கம். இங்கன உள்ள கத அங்க யாருக்குத் தெரியும். தெரியக்கூடாதுன்னுதான அவ்வளவு தூரத்துல போயி பொண்ணு எடுத்தாவ. வந்த வருசம் கொம்பையா கோயில் கொடைக்கு, புதுச்சேலைய உடுத்திக்கிட்டு வாசல்ல எறங்கப் போறேன், எங்க மாமியா கையப் புடிச்சி உள்ள இழுத்துக் கதவச் சாத்திட்டா. ஏன் அத்தைன்னேன். இன்னிக்கு நம்ம வெளிய போவக்கூடாது தாயின்னா. வெளிய கொட்டுச் சத்தம் கேக்கு. சனங்க நம்ம வாசல்ல நின்னு காறித் துப்புத சத்தம் கேக்கு. அப்பதான் சொன்னாவ. இது கஞ்சி ஊத்துன வீடுன்னு.' கஞ்சி ஊத்துன வீடு. ஹெட்போனில் அந்த வார்த்தை கனத்துவிட்டது, அளவு காட்டுகிற முள் சிவப்புவரை போய் வந்தது, சத்தத்தைக் குறைக்கவேண்டும், குறைத்தாள். அப்பா அந்த வார்த்தையை ஒருதரம்கூட வீட்டில் உச்சரித்ததில்லை. தாம்பரத்தில் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் தென்காசிப் பக்கம் என்பார். பக்கம் என்ற சொல்லுக்குள் ஒரு ஊரையே மடித்து வைத்துவிடலாம். அவளும் அதையே கற்றுக்கொண்டாள். முதல்நாள் ஆபீசில் சார் கேட்டபோது தென்காசிப் பக்கம் சார். ஓ, அப்ப பாஷை பிரச்சினையில்ல என்றார்.

அன்றைக்குத்தான் அவர் மேஜையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்துக் கதையைச் சொன்னார். பஞ்சத்தில் ஜமீன் நெற்களஞ்சியத்தை உடைத்து ஊருக்கு வாரிக் கொடுத்த கொம்பையா. வெள்ளைக்காரப் பட்டாளம் தேடியபோது வன்னிப்பாறைக் குகையில் ஒளிந்திருந்த கொம்பையா. பசி தாங்காமல் ஒருநாள் இருட்டில் இறங்கிவந்து கூட்டாளி அய்யாக்குட்டியின் கதவைத் தட்டிய கொம்பையா. அய்யாக்குட்டி உள்ளே கூப்பிட்டான், உட்காரவைத்தான், கஞ்சி ஊற்றினான், ஊற்றிவிட்டுப் பின்வாசலில் ஒரு விளக்கை வைத்தான். கஞ்சிச் சட்டியில் கையை வைத்தபடியே கொம்பையாவைப் பிடித்தார்கள். தூக்கில் போட்டார்கள். சாமியானான். அவளுக்குத் தெரியாத கதையா. ஆனாலும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு குறிப்பு எடுத்தாள். 'அந்த வம்சம் இன்னும் இருக்கா சார்?' என்று எடிட்டிங் பையன் கேட்டான். 'இருந்தா நம்ம லொக்கேஷனையும் காட்டிக்கொடுத்துருவாங்க' என்று அவனே சேர்த்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கூடச் சிரித்தாள், அதுதான், அந்தக் கூடுதல் சிரிப்புதான் இன்னும் தொண்டையில் கிடக்கிறது. யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. யாரும் அவளை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அந்த வீட்டைக் காட்டவும் சொல்லவில்லை.

ஜெரோமின் விரல் ஆடியது. கம்பு இறங்கிவிட்டிருந்தது. உயர்த்தினாள். தோள்பட்டை எரிந்தது, எரியட்டும். நேற்றுச் சாயந்திரம் ஊர்த் தலைவர் வேன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, அந்தக் குடும்பத்துல இப்ப யாருமே இல்ல சார், எல்லாம் ஊரவிட்டுப் போயாச்சு, கொடையில அய்யாக்குட்டின்னு பொம்ம செஞ்சி அடிக்கிறதெல்லாம் சும்மா வெளாட்டுக்கு என்று சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு முன்னால் ஊருக்கும் ஒரு கூச்சம் இருக்கிறது. அறவாழி சார் அதை நம்பினார். சோர்ந்துபோனார். படத்துல உயிர் இல்ல ஜெரோம், ஒரு பக்கக் கதைதான் இருக்கு, நாளைக்குக் கிளம்பிடலாம் என்றார். வேன் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, ஆடுகள் குறுக்கே வந்தன. ஆடுகள் வராமல் இருந்திருந்தால். அப்படியெல்லாம் இல்லை. ஆடு வராவிட்டாலும் சொல்லியிருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஊர் ஞாபகம் இல்லை, அப்பா ஞாபகம் இல்லை, சோர்ந்துபோன அந்த முகம் தன்னைப் பார்த்துத் திரும்பவேண்டும், அவ்வளவுதான் இருந்தது. 'அந்த வீடுதான் சார்.' விரலை வேறு நீட்டினாள். நீலக் கதவு, பக்கத்தில் முருங்கை. 'எப்படி கண்டுபிடிச்ச?' 'விசாரிச்சேன் சார்.' அவர் முகம் திரும்பியது. பிரமாதம் சாரு என்றார். லாட்ஜில் சாப்பிடும்போது எல்லோரிடமும் சொன்னார், ஊரே மறைச்சத இந்தப் பொண்ணு ஒத்தையா புடிச்சிருக்கு. காசுக்கு ஆசைப்பட்டு அய்யாக்குட்டி காட்டிக்கொடுத்தான் என்று வில்லுப்பாட்டில் பாடுகிறார்கள். யாருக்குத் தெரியும், காசாகவே இருந்திருக்காது. யாரோ ஒரு அதிகாரி, தோளில் கையை வைத்து, பிரமாதம் என்று சொல்லியிருப்பான். அவ்வளவு போதுமாயிருந்திருக்கும். அந்த ரத்தம் என்று ஊரில் சொல்வார்களாம். ரத்தமாவது ஒன்றாவது, வரலாறு படிக்கிறவள் இதையெல்லாம் நம்பலாமா என்று யோசித்து, ரத்தம் இல்லையென்றால் அது முழுக்கத் தன்னுடையது ஆகிவிடுகிறதே என்று தோன்ற, அங்கேயே நின்றுவிட்டாள்.

'பொம்மை அடிக்கிறத நீங்க பாத்திருக்கீங்களா?' என்று சார் கேட்டார். 'நாங்க எங்க பாக்க. உள்ள இருந்து கேக்குததுதான்' என்றாள் பெரியம்மா. 'வைக்கோல்ல பொம்ம செஞ்சி, வேட்டி கெட்டி, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் செருப்பு வெளக்கமாறு கொண்டு அடிக்கும். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.' பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று சொல்லும்போது குரலில் ஒரு சிறு தடங்கல். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது, ஹெட்போனுக்குக் கேட்டது. மறக்கவில்லை பெரியம்மா. எப்படி மறப்பாள். சாருமதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரியப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் அப்பா ஊருக்குக் கூட்டிவந்தார், அது கொடை நேரம், பெரியவர்கள் எல்லாம் கட்டிலைச் சுற்றி நிற்க அவள் புழக்கடை வழியே வெளியே போய்விட்டாள். தெருமுனையில் கூட்டம். பிள்ளைகள் குதித்துக் குதித்து எதையோ அடித்தார்கள். ஒரு அக்கா அவள் கையில் ஒரு ரப்பர் செருப்பைத் திணித்தாள். அடித்தாள். வைக்கோல் தெறித்தது. எவ்வளவு ஜாலியாக இருந்தது. முகத்தில் அடி என்றார்கள், எம்பி முகத்தில் அடித்தாள். ஓடிவந்து மூச்சிரைக்க, பெரியம்மா நான் கெட்டவன அடிச்சேன் என்றாள். அப்பாவின் முகம் போன போக்கு. ஓங்கிய அவர் கையைப் பெரியம்மாதான் பிடித்தாள். பிடித்து, அவளைத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய், காலில் ஒட்டிய வைக்கோலை எல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள், 'நல்லா அடிச்சியா தாயி?' 'நல்லா அடிச்சேன்.' 'கை வலிக்கா?' என்றாள். அவ்வளவுதான். கைதான் வலிக்கிறதா என்று கேட்டாள். அதற்கப்புறம் அப்பா அவளை ஊருக்குக் கூட்டிவரவே இல்லை. பெரியப்பா இறந்தபோதும் அப்பா மட்டும் போனார். பெரியம்மாதான் வருஷத்துக்கு ஒருதடவை தாம்பரம் வருவாள், பஸ்ஸில், மடியில் முறுக்கு டப்பாவோடு, பீடி இலை வெட்டி வெட்டிக் காப்புக் காய்ச்சிய விரல்களால் அவள் தலையைக் கோதிவிட்டு. போன பொங்கலுக்குக்கூட வந்தாள். நீ என்ன படிக்கே தாயி என்று கேட்டாள். வரலாறு பெரியம்மா. அப்படின்னா? பழைய கதையெல்லாம். பழைய கதையா என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

'அய்யாக்குட்டி அதைச் செஞ்சிருப்பாருன்னு நீங்க நினைக்கிறீங்களா?' அறவாழி சார் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் எல்லாம். மூலையில் பீடி சுற்றும் முறம் துணி போட்டு மூடியிருந்தது, அதிலிருந்து புகையிலை நெடி வந்தது, வெளியே ஒரு சேவல் கத்திவிட்டு நிறுத்தியது. இல்லை என்று சொல் பெரியம்மா, சாட்சி ஏது என்று கேள், பாட்டுக் கட்டுகிறவன் என்ன வேண்டுமானாலும் கட்டுவான் என்று சொல். 'செஞ்சிருப்பாரு சார்' என்றாள் பெரியம்மா. 'பிள்ளகுட்டிக்காரரு. பட்டாளம் வந்து வீட்டு முன்னால நின்னா யாருக்குத்தான் பயமில்ல. பயத்துல மனுசன் என்ன செய்யுதோம்னு தெரிஞ்சா செய்யுதான்? செஞ்சப்பறந்தான் தெரியும். அப்பறம் அந்தாளு ஒருநாளாவது நிம்மதியா கஞ்சி குடிச்சிருப்பாருங்கிய? அத யாரும் பாடமாட்டாவ.' சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். காமிராவையோ சாரையோ பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தாள், மைக்கைத் தாங்கிய கம்பைப் பார்த்தாள், அதன் வழியே பார்வை மெல்ல நகர்ந்து கம்பைப் பிடித்திருந்த கை வரைக்கும் வந்து அங்கே நின்றது, முகத்துக்கு ஏறவில்லை. என்னைத்தான் சொல்கிறாள். இல்லை, என்னை இல்லை. என்னை மன்னிக்கிறாளா. மன்னிக்க நான் யார் அவளுக்கு, மெட்ராஸிலிருந்து வந்த மேடம்.

'உங்களுக்கப்புறம் இந்தக் குடும்பத்துல யாரும்மா இருக்கா?' 'எனக்குப் பிள்ளையில்ல. கொழுந்தன் ஒருத்தரு மெட்ராஸ்ல இருக்காரு. அவருக்கு ஒரு பொட்டப்பிள்ள. நல்லாப் படிக்கி.' நல்லாப் படிக்கி என்பதில் வெளியே தெரியாத ஒரு நிமிர்வு. அறவாழி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கண் பளபளப்பதைச் சாருமதி பார்க்காமலே பார்த்தாள். அடுத்த தலைமுறை, படித்த பெண், சென்னை, இதைப்பற்றி என்ன நினைக்கிறாள், படத்தின் முடிவே அதுதான். 'அவங்க பேரு, போன் நம்பர் குடுங்கம்மா. நாங்க போய் மரியாதையா பேசறோம். தப்பா எதுவும் இல்ல.' வேண்டாம் பெரியம்மா. சொல்லிவிடு பெரியம்மா. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தாள். பெரியம்மா சிரித்தாள். வாய்விட்டு அல்ல, மூக்கால், ஒரு சின்னக் காற்று. 'பேரெல்லாம் தரமாட்டேன் சார்' என்றாள். 'ஒளிஞ்சிருக்கிற பிள்ளைய எங்க இருக்குன்னு நாங் காட்டிக்கொடுக்கணுங்கியளா? ஒருதரம் செஞ்சதுக்கே இந்த வீடு இன்னும் அடி வாங்குது. இனிமே இந்த வீட்டுல யாரும் அந்த வேலையச் செய்யமாட்டாவ.'

ஜெரோம் காமிராவிலிருந்து முகத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார். சாருமதிக்கு ஹெட்போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது, ஏதோ கிழிகிற மாதிரி, நாய் முனகுகிற மாதிரி, மைக்குக்கு ஏதோ கோளாறு என்று பொத்தானைத் தேடிய பிறகுதான் அது தன்னிடமிருந்து வருகிறது என்று தெரிந்தது. 'கட், கட்' என்றார் அறவாழி சார். 'அந்த லைன் தங்கம் அம்மா, தங்கம். சாரு, உன் சத்தம் விழுந்திருக்குமே, ப்ளேபேக் பண்ணு.' விழுந்திருந்தது. யாரும் அந்த வேலையச் செய்யமாட்டாவ என்பதன் மேலே அவள் அழுகை ஏறி உட்கார்ந்திருந்தது. 'அம்மா, கோவிச்சுக்காதீங்க, இன்னொரு தடவை மட்டும். உங்களுக்கப்புறம் யார் இருக்காங்கிறதுலேர்ந்து.' 'சரி சார்' என்றாள் பெரியம்மா. தன்னால் இவள் இதை மறுபடி சொல்லவேண்டும். இரண்டாம் தடவையும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து. கம்பைச் சுவரில் சாய்த்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றியதும் அறை பெரிதாகிவிட்டது, பெரியம்மா தூரமாகிவிட்டாள், சுருங்கிப்போன ஒரு வயதான பெண், நல்ல சேலை உடுத்தி, தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து வாரி. எப்போது உடுத்தினாள் இதை. நாங்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே போய் மாற்றியிருக்கிறாள், படத்தில் வரப்போகிறோம் என்று. 'பெரியம்மா' என்றாள் சாருமதி.

சத்தமாகத்தான் வந்தது. ஜெரோம் திரும்பினார். அறவாழி சார் திரும்பினார். பெரியம்மா திரும்பவில்லை. முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சாரைப் பார்த்தே சொன்னாள், 'பாவம் சார் அந்தப் பிள்ள. வந்ததுல இருந்து என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. அவ வீட்டுப் பெரியம்மா ஞாவகம் வந்துட்டு போல.' 'அப்படியா சாரு?' என்றார் அறவாழி சார். அவ்வளவு கனிவாகக் கேட்டார். ஒரு வார்த்தை போதும். இல்லை சார், இவங்கதான். மூன்று வார்த்தை. பெரியம்மா இப்போது அவளைப் பார்த்தாள், கதவைத் திறந்ததற்குப் பிறகு முதல் தடவையாக நேராக, அதில் கெஞ்சலும் இருந்தது, அதட்டலும் இருந்தது, சொல்லாதே என்றும் இருந்தது, சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும் என்றும் இருந்தது. 'ஆமா சார்' என்றாள் சாருமதி. 'எமோஷனல் ஆயிட்டே. பரவால்ல. வெளிய போய் முகம் கழுவிட்டு வர்றியா?' 'வேண்டாம் சார். நான் ரெடி.'

ஹெட்போனை மாட்டினாள். கம்பைத் தூக்கினாள். ஜெரோம் தலையசைத்தார். அதே கேள்வியை அறவாழி சார் அதே மெத்தென்ற குரலில் கேட்டார். பெரியம்மாவின் மூச்சு ஏறியது, இறங்கியது. 'எனக்குப் பிள்ளையில்ல. கொழுந்தன் ஒருத்தரு மெட்ராஸ்ல இருக்காரு' என்றாள். 'அவருக்கும் பிள்ளையில்ல.' சார் கையை உயர்த்தினார், 'அம்மா, முன்னால ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னீங்களே?' 'அது வேற யாரோ சார். வயசாச்சுல்லா, ஞாவகம் தட்டுப்பட மாட்டேங்கு. அந்தாளுக்குப் பிள்ளையே கெடையாது. இந்த வீடு என்னோட சரி.' திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார் சார். பெரியம்மா அதற்குமேல் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாளா, வெட்டிவிட்டாளா என்று அந்தக் குரலில் தேடிப் பார்த்தாள் சாருமதி. காதுக்குள்ளேயே இருந்தும் தெரியவில்லை. அறவாழி சார் பெருமூச்சு விட்டுக் கையை இறக்கினார். 'சரி, இதாவது இருக்கட்டும். சவுண்ட் எப்படி சாரு?' என்று கேட்டார்.

'சுத்தமா விழுந்திருக்கு சார்' என்றாள்.